உறுதிமொழியில் சாமி பெயர் ஏன் இல்லை? "இறைவன்" எல்லோருக்கும் பொதுச் சொல்லா?

கேட்டவர்: பழைய வண்ணை

வணக்கம் நண்பர்களே. ஜனவரி 26-இலிருந்து மனதில் கிடந்து உறுத்துகிற ஒரு விஷயம், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவில் ஒவ்வொரு குடியரசு தினத்துக்கும் பையன்கள் காசு சேர்த்துக் கொடியேற்றுவார்கள். கொடிக்குள் ரோஜா இதழை மடித்துக் கட்டுவது, ஏற்றியதும் அது அவிழாமல் மாட்டிக்கொள்வது, யாராவது ஸ்டூல் போட்டு ஏறிக் குச்சியால் தட்டுவது, அப்புறம் ஆரஞ்சு மிட்டாய், இதெல்லாம் நான் சின்னப் பையனாக இருந்தபோதே உண்டு. பாட்டு முடிந்ததும் பிள்ளைகளில் ஒருவர் உறுதிமொழியை வரி வரியாகச் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். இந்த வருடம் என் மகளின் முறை. ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பாடப்புத்தகத்தின் முதல் பக்கங்களில் இருப்பதை அப்படியே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள்.

அவள் வாயைத் திறக்கும் முன் மைக் பிடித்திருந்த பெரியவர் ஒருவர், "எல்லாம் வல்ல இறைவன் மீது ஆணையாகன்னு முதல்ல சொல்லும்மா, அப்புறம் மத்தது" என்றார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையாட்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அவள் சொல்லிவிட்டாள். கூட்டத்தில் பாதிப் பேர்தான் திருப்பிச் சொன்னார்கள். எதிர்வீட்டு அம்மா, பக்கத்துச் சந்திலிருந்து வந்த இரண்டு குடும்பம், கட்சிக்காரர் ஒருவர் எல்லாம் வாய் திறக்கவில்லை. அடுத்த வரியில்தான், "இந்தியா எனது நாடு" என்று வந்த பிறகு, எல்லாக் குரலும் சேர்ந்தது. அந்த ஒரு வரியில் கூட்டம் இரண்டாகப் பிரிந்ததைக் காதால் கேட்டேன். பிறகு டீக்கடையில் பெரிய வாக்குவாதம். "இறைவன்னு பொதுவாத்தானே சொன்னேன், எந்த மதத்துக்காரனும் சொல்லலாமே" என்பது பெரியவரின் வாதம்.

அன்று இரவே அக்கா பையன் வீடியோ காலில் வந்தான். நியூ ஜெர்சியில் படிக்கிறான். அவர்கள் பள்ளியில் சொல்லும் உறுதிமொழியை ஒப்பித்துக் காட்டினான். அதில் கடவுள் வருகிறார். உடனே மகள் கேட்டாள்: "அவங்க உறுதிமொழியில சாமி இருக்கு, நம்ம புக்ல ஏன் இல்ல? இருந்ததை எடுத்துட்டாங்களா? அந்தத் தாத்தா சொன்னது தப்பா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நம்முடையதில் எப்போதாவது இருந்ததா? அமெரிக்காவில் எப்போதுமே இருந்ததா? இறைவன், கடவுள், ஆண்டவன் என்பதெல்லாம் உண்மையிலேயே எல்லோருக்கும் பொதுவான சொற்கள்தானா?

பதில்: தங்கசாலை வாத்தியார்

தம்பி, முப்பது வருடம் காலை வணக்கக் கூட்டத்தில் நின்று அந்த உறுதிமொழியைக் கேட்டவன் நான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அமெரிக்கா. அவர்களுடைய உறுதிமொழி 1892-இல், கொலம்பஸ் அந்தக் கரை தொட்ட 400-ஆம் ஆண்டையொட்டி, பள்ளிப் பிள்ளைகள் சொல்வதற்காக ஒரு சிறுவர் வார இதழில் வந்தது. எழுதியவர் பிரான்சிஸ் பெல்லமி. அவர் ஒரு பாப்டிஸ்ட் சபை போதகர், இதைக் கவனியுங்கள். ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்து பழகியவர் எழுதிய வாசகத்தில் கடவுள் இல்லை. கொடி, குடியரசு, பிரிக்க முடியாத ஒரே நாடு, எல்லோருக்கும் சுதந்திரமும் நீதியும், அவ்வளவுதான். "கடவுளின் கீழ்" என்ற சொற்கள் 62 வருடம் கழித்து, 1954 ஜூன் 14 அன்று அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டத்தால் நுழைந்தவை. ரஷ்யாவோடு பனிப்போர் நடந்த நேரம் அது. கம்யூனிஸ்டுகள் கடவுள் இல்லாதவர்கள், நாம் அப்படியல்ல என்று காட்ட வேண்டும் என்பதுதான் அன்றைய பேச்சு. அதனால் உங்கள் மகளிடம் சொல்லுங்கள்: நாம் எடுக்கவில்லை, அவர்கள்தான் சேர்த்தார்கள்.

இன்னொன்று. அந்த நாட்டில் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தி உறுதிமொழி சொல்லவைக்கக் கூடாது என்று அவர்கள் உச்ச நீதிமன்றம் 1943-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. யெகோவா சாட்சிகள் என்ற சபையைச் சேர்ந்த குடும்பங்கள் போட்ட வழக்கு. கொடிக்கு வணக்கம் வைப்பது சிலையை வணங்குவது போல என்பது அவர்கள் நம்பிக்கை. அதாவது உறுதிமொழியில் கடவுள் வருவதற்கு 11 வருடம் முன்பே, கடவுள் நம்பிக்கையின் பெயரால்தான் பிள்ளைகள் உறுதிமொழி சொல்ல மறுத்தார்கள். நம்பிக்கை உள்ளவர்களுக்கு இந்த வரி பிடிக்கும், இல்லாதவர்களுக்குப் பிடிக்காது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நடந்தது அப்படியில்லை.

இனி நம்முடையது. "இந்தியா எனது நாடு, இந்தியர் அனைவரும் என் உடன்பிறந்தவர்கள்" என்ற உறுதிமொழி முதலில் எழுதப்பட்டது தெலுங்கில், 1962-இல். எழுதியவர் பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ், விசாகப்பட்டினத்தில் கருவூல அதிகாரி. 1965 ஜனவரி 26 முதல் நாடு முழுக்கப் பள்ளிகளில் சொல்கிறார்கள். நம் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகள் எத்தனை, அவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எனக்கு ஒரு வருத்தம் உண்டு. சீனாவோடு போர் நடந்த வருடத்தில் எழுதியது, ஆனாலும் அதில் எதிரி இல்லை, கடவுள் இல்லை. நாடு, பெற்றோர், ஆசிரியர், மூத்தோர், மக்கள்.

கடவுளைச் சேர்க்கலாமா என்ற கேள்வி நம் நாட்டில் வராமலும் இல்லை. 1949 அக்டோபர் 17 அன்று அரசியல் நிர்ணய சபையில் அரசமைப்பின் முகப்புரை விவாதத்துக்கு வந்தபோது, உறுப்பினர் ஹெச்.வி. காமத் "கடவுளின் பெயரால்" என்று தொடங்க வேண்டும் என்று திருத்தம் கொடுத்தார். கடவுளை ஓட்டுக்கு விடும் தர்மசங்கடத்தை எங்களுக்குத் தராதீர்கள் என்று பூர்ணிமா பானர்ஜி கேட்டுக்கொண்டார். காமத் விடவில்லை. ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 41, எதிர்ப்பு 68. எதிர்த்துப் பேசியவர்கள் கடவுளை மறுத்துப் பேசவில்லை என்பதைப் பாருங்கள். நம்பிக்கை அவரவர் உரிமை என்று அதே முகப்புரையில் எழுதிவிட்டு, மேலே ஒரு நம்பிக்கையை எல்லோர் சார்பிலும் எழுதுவது முரண் என்றார் குன்ஸ்ரு. அது கட்டாயப்படுத்துவது போலாகும் என்றார் பட்டம் தாணுப்பிள்ளை.

அந்த ஓட்டெடுப்புக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்புதான் நம் ராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில், தி.மு.க. தொடக்கக் கூட்டம் நடந்தது. அந்தக் கட்சிக்காரர்கள் பதவியேற்கும்போது கடவுள் பெயரைச் சொல்லாமல் "உளமார உறுதி கூறுகிறேன்" என்கிறார்களே, அது அவர்கள் தாமாகச் சேர்த்துக்கொண்ட வழக்கமல்ல. அரசமைப்பின் மூன்றாம் அட்டவணையிலேயே இரண்டு வழியும் இருக்கிறது. கடவுள் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். எது வேண்டுமோ அதை அவரவர் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் தெருவில் அந்தத் தேர்வு யாருக்கும் கிடைக்கவில்லை. பெரியவர் செய்த தப்பு என்று ஒன்று இருந்தால் அதுதான்.

பதில்: கொருக்குப்பேட்டை 21

வாத்தியார் ஐயா சொன்னதெல்லாம் சரி, ஆனால் எனக்கு அந்தப் பெரியவர் பக்கம் நின்று ஒரு வார்த்தை சொல்லணும். நான் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். காலையில் மெஷினைத் தொட்டுக் கும்பிடாமல் ஸ்விட்ச் போட்டதில்லை. கடவுள் பேரைச் சொல்லிச் சொன்னால் அந்த வார்த்தைக்கு ஒரு பயம் வருகிறது, மீறக் கூடாது என்று. சும்மா "உறுதி கூறுகிறேன்" என்று சொல்லிவிட்டு மறுநாளே மறப்பவர்களைத்தான் தினமும் பார்க்கிறோமே. அவர் பிள்ளைகளின் வாக்கு கெட்டியாக இருக்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பார். அவரை மதவெறியர் மாதிரி யாரும் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பதில்: ஒற்றியூர் மகிழம்

கொருக்குப்பேட்டை அண்ணா, நீங்கள் சொல்வது நியாயம்தான், யாரும் அவரை அப்படிச் சொல்லவில்லை. சாமி பேரைச் சொன்னால் வாக்கு கெட்டியாகுமா என்பதற்கு எங்கள் ஊர்க் கோயிலிலேயே ஒரு கதை இருக்கிறது. திருவொற்றியூர்க்காரர்களுக்குத் தெரிந்ததுதான்.

சுந்தரர் சங்கிலியாரைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். "உன்னைப் பிரியமாட்டேன்" என்று சன்னிதியில் சத்தியம் செய்ய வேண்டும் என்று ஏற்பாடு. அவர் சிவனிடம் போய், நான் சத்தியம் செய்யும் நேரத்தில் நீர் சன்னிதியை விட்டு மகிழ மரத்தடியில் போய் இருந்துகொள்ளும் என்று கேட்டுக்கொண்டார். சிவனும் சரி என்றார். ஆனால் சங்கிலியாரின் கனவில் போய், அவரை மகிழ மரத்தடியில் சத்தியம் செய்யச் சொல் என்றும் சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் அங்கேயே சத்தியம் செய்தார். பிறகு திருவாரூர் நினைப்பு வந்து கிளம்பினார், ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என்று இன்றும் நடக்கிறது. சின்ன வயதில் பாட்டி தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், கூட்டத்தில் மரத்தின் இலைதான் தெரியும்.

சாமிக்கு அத்தனை நெருக்கமானவரே சாமி பேரில் செய்த சத்தியத்தை மீறினார் என்பதைச் சேக்கிழார் மறைக்கவில்லை. அது எனக்கு எப்போதும் பெரிய விஷயமாகத் தோன்றும்.

மரத்தடிச் சத்தியம் இதைவிடவும் பழையது. குறுந்தொகை 87-ஆம் பாட்டு, கபிலர் பாடியது. "மன்ற மராஅத்த பேஎமுதிர் கடவுள் கொடியோர்த் தெறூஉம் என்ப" என்று தொடங்கும். ஊர்ப் பொதுவில் நிற்கும் மராமரத்தில் இருக்கிற பழைய, அச்சம் தரும் கடவுள், கொடியவர்களை வருத்தும் என்கிறார்கள். ஆனால் என் ஆள் கொடியவன் இல்லை என்று அந்தப் பெண் சொல்கிறாள். சொன்ன சொல்லைத் தப்பியவனை அந்தத் தெய்வம் ஏதும் செய்துவிடக் கூடாதே என்று அவளுக்குப் பதைப்பு. இங்கே "கடவுள்" ஒரு மரத்தில் இருக்கிறார். உலகம் முழுவதற்கும் ஒருவர் என்ற பொருளே அங்கு இல்லை. "எல்லாவற்றையும் கடந்து உள்ளிருப்பவர்" என்று மேடையில் பிரித்துச் சொல்வார்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் சொல் பிறந்த கதைக்கு அது சான்றாகாது.

இப்போது "இறைவன்". இறை என்றால் அரசன். "முறைசெய்து காப்பாற்றும் மன்னவன் மக்கட்கு இறையென்று வைக்கப் படும்" என்பது குறள் 388. அரசனுக்குக் கட்டும் வரிக்கும் இறை என்றுதான் பெயர். வரி இல்லாமல் விட்ட நிலத்தைச் சோழர் கல்வெட்டுகள் இறையிலி என்கின்றன. "கோயில்" என்பது கோ இருக்கும் இல், ராஜா வீடு. கண்ணகி நீதி கேட்கப் போகும் இடத்தில் பாண்டியனைக் "கோயில் மன்னன்" என்கிறது சிலப்பதிகாரம். "ஆண்டவன்" என்றால் ஆண்டவன்தான், ஆளுகிறவன். "சாமி" வடமொழி சுவாமி, உடைமைக்காரர், எஜமான். பெரியவர் சொல்லச் சொன்ன "ஆணை" கூட வடமொழி ஆக்ஞை பிராகிருதம் வழியாக வந்து தேய்ந்தது, கட்டளை என்று பொருள். அரசாணை என்கிறோமே, அதே ஆணை.

குறளின் முதல் பாட்டில் வரும் "பகவன்" வேறு வழி. அது பாக்கியம், பக்தி எல்லாம் பிறந்த பஜ் என்ற வேரிலிருந்து வருவதாகச் சொல்வார்கள், பங்கு என்று பொருள். தமிழ்ப் பகு என்பதோடு சேர்ப்பவர்களும் உண்டு. நாட்டுப்பண்ணில் வருகிற "பாக்ய விதாதா"வும் அதே வேர்தான்.

அதனால் அண்ணா, இறைவன் என்ற சொல் பிறக்கும்போதே எல்லா மதத்துக்கும் பொதுவாகப் பிறக்கவில்லை. அரண்மனையிலிருந்து கருவறைக்குப் போன சொல் அது. நாடு மீது எடுக்கும் உறுதியில் அதைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தால், யாருக்கு அடங்கி நடப்பதாகச் சொல்கிறோம் என்பதே குழம்பிவிடும் என்று எனக்குப் படுகிறது.

பதில்: மண்ணடி வாசகன்

மகிழம் அக்கா எழுதியதைப் படித்ததும் எங்கள் வீட்டுச் சொற்கள் ஞாபகம் வந்தன. நாங்கள் இறைவன் என்போம், ஆண்டவன் என்போம், தொழுகை, நோன்பு என்போம். மசூதிக்குப் பள்ளிவாசல். பள்ளி என்றால் படுக்கை. சமணத் துறவிகள் கல்லில் படுக்கை வெட்டி இருந்த இடம் பள்ளி, அவர்கள் பாடம் சொன்னதால் படிக்கும் இடமும் பள்ளி, பெருமாள் படுத்திருந்தால் பள்ளிகொண்டார், கேரளத்தில் தேவாலயத்துக்கும் பள்ளி. உறுதிமொழி சொல்கிற இடத்தின் பெயரே இத்தனை பேர் கை மாறி வந்தது.

ஆனால் சொல் பொதுவாக இருந்தாலும் சத்தியம் பொதுவில்லை சகோ. எங்களுக்கு அல்லாஹ்வைத் தவிர வேறு எதன் மீதும் சத்தியம் செய்யக் கூடாது. சின்ன வயதில் கூடப் படிக்கிற பையன்களைப் பார்த்து "அம்மா மேல சத்தியமா" என்று சொல்லிவிட்டேன், என் அம்மாவே வாயில் ஒன்று போட்டார்கள். அல்லாஹ் மீது செய்தால் அது விளையாட்டில்லை, முறித்தால் பரிகாரமாகப் பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு போட வேண்டும். பத்து வயதுப் பிள்ளைகளை மைக்கில் கூட்டமாக இறைவன் மீது ஆணையிடவைத்தால், எங்கள் வீட்டுப் பிள்ளையும் வாய் திறக்காமல்தான் நிற்கும். அந்தச் சொல் எங்களுக்கு அவ்வளவு பெரிது, அதனால்தான்.

பதில்: ராயபுரம் மேரி

மண்ணடி தம்பி சொன்னதையேதான் நானும் சொல்ல வந்தேன். எங்கள் வேதத்தில் இயேசு சத்தியமே பண்ணவேண்டாம் என்கிறார். "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்." மத்தேயு ஐந்தாம் அதிகாரம். எதிர்வீட்டு அம்மா வாய் திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அவர்கள் மனதில் இதுகூட இருந்திருக்கலாம்.

சொல்லைப் பற்றி ஒன்று. கடவுளுக்கு எந்தத் தமிழ்ச் சொல் என்று கிறிஸ்தவர்களுக்குள்ளேயே 400 வருடத்துக்கு மேலாக முடிவாகவில்லை. 1578-இல் கொல்லத்தில் அச்சான புத்தகத்தின் பெயர் தம்பிரான் வணக்கம். பிறகு சர்வேசுரன். நம் வேப்பேரியில் உட்கார்ந்து வேதத்தை மொழிபெயர்த்த பப்ரிசியுஸ் பராபரன் என்றார். இன்று சி.எஸ்.ஐ. கோயிலில் தேவன், கர்த்தர். கத்தோலிக்கக் கோயிலில் கடவுள், ஆண்டவர். என் கணவர் வீடு ஒன்று, என் வீடு மற்றொன்று, கல்யாணமான புதிதில் ஜெபத்தின் முதல் வார்த்தையிலேயே இரண்டு பேரும் இடித்துக்கொள்வோம். ஒரே வேதம் படிக்கிற வீட்டுக்குள்ளேயே இப்படி என்றால், தெருவுக்குப் பொதுச் சொல் எது?

எங்கள் திருவருட்சாதனங்களை லத்தீனில் சாக்ரமெந்தும் என்பார்கள். அந்தச் சொல் ரோமாபுரியில் சிப்பாய் படையில் சேரும்போது எடுக்கிற சத்தியத்துக்கு இருந்த பெயர். அங்கேயும் ராஜாவிடமிருந்து வந்த சொல்தான்.

1985-இல் கேரளத்தில் நாட்டுப்பண் பாடவில்லை என்று மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். அவர்களும் யெகோவா சாட்சிகள்தான். எல்லோரும் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், பாட மட்டும் மாட்டார்கள். மறு வருடம் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. எழுந்து நிற்பதே மரியாதை, வாயைத் திறக்கவைப்பது அவசியமில்லை என்று. அந்த வழக்கைப் படித்ததிலிருந்து கூட்டத்தில் யாராவது பேசாமல் நின்றால் நான் தப்பாக நினைப்பதில்லை.

கேட்டவர்: பழைய வண்ணை

எல்லோருக்கும் நன்றி. முழுவதையும் மகளுக்குப் படித்துக் காட்டினேன். மகிழ மரக் கதையை இரண்டு தடவை கேட்டாள். அப்புறம் புத்தகத்தை எடுத்துவந்து முகப்புரையில் விரலை வைத்தாள். "இறையாண்மைன்னு இருக்குப்பா. அப்போ இறை உள்ள இருக்கில்ல?" எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வாத்தியார் ஐயா, இதற்கு என்ன சொல்ல?

இன்னொரு சந்தேகம். அவள் எழுதிய தாளில், புத்தகத்தில் உள்ள இன்னொரு உறுதிமொழியான ஒருமைப்பாட்டு உறுதிமொழியில், "உளமாற" என்று வல்லின றகரம் போட்டிருக்கிறாள். பேப்பரிலும் அப்படித்தான் பார்த்த ஞாபகம். எது சரி?

பதில்: தங்கசாலை வாத்தியார்

உளமார. சின்ன ர. வயிறாரச் சாப்பிட்டான், வாயார வாழ்த்தினான், கண்ணாரக் கண்டான் என்கிறோமே, அந்த ஆர. நிறைய என்று பொருள். உள்ளம் நிறைய. பெரிய ற போட்டால் உள்ளம் மாற என்று பிரிக்க இடம் கொடுத்துவிடும், உறுதிமொழிக்கு நேர் எதிர். மேடையில் இரண்டும் காதுக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும், அதனால் எழுதும்போது தவறிவிடுகிறார்கள்.

இறையாண்மை பற்றிப் பிள்ளை கேட்டது அருமையான கேள்வி. அது மகிழம் அம்மா சொன்ன பழைய இறை, அரசன். ஆளும் தன்மை. முன்பு ராஜாவிடம் இருந்ததை "இந்திய மக்களாகிய நாம்" எடுத்துக்கொண்டோம் என்பதுதான் அந்த வாக்கியம். இதில் ஒரு செய்தியும் இருக்கிறது. பதவி ஏற்பவர்கள் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று சொல்லும் வரி 1963-இல் 16-ஆவது திருத்தத்தால் சேர்ந்தது, அன்று தி.மு.க. கேட்ட திராவிட நாட்டை மனதில் வைத்து. அதே கட்சி நான்கு வருடத்தில் ஆட்சிக்கு வந்து அந்த வரியைச் சொல்லித்தான் பதவியேற்றது. கடவுள் பெயர் இல்லை, இறையாண்மை உண்டு.

பதில்: கொருக்குப்பேட்டை 21

மேரி அக்கா, மண்ணடி தம்பி எழுதியதைப் படித்தேன். அந்தச் சொல் பெரிது என்பதால்தான் சொல்ல மறுக்கிறார்கள் என்பதை நான் யோசிக்கவே இல்லை. நான் மெஷினைக் கும்பிடுவதை யாரும் சேர்ந்து செய் என்று என் பட்டறைப் பையன்களிடம் சொன்னதில்லை, அது மாதிரிதான் போல. ஆனாலும் அந்தப் பெரியவரிடம் யாராவது பக்குவமாகப் பேசுங்கள், மனது நோகக் கூடாது.

கேட்டவர்: பழைய வண்ணை

நேற்று சாயங்காலம் அவர் வீட்டுக்கே போய்ப் பேசினேன் அண்ணா. மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். "நானும் பள்ளிக்கூடத்துல அந்த வரி சொன்னதில்லம்மா, கொடி ஏர்றதைப் பாத்ததும் வாயில வந்துடுச்சு" என்றார். ஆகஸ்ட் 15-க்கு உறுதிமொழியைப் புத்தகத்தில் உள்ளபடி பெரிய எழுத்தில் அச்சடித்துக் கம்பத்தில் ஒட்டிவிடலாம் என்று அவரே சொன்னார். அச்சுச் செலவும் அவர் ஏற்றுக்கொண்டார். தாளை மகள் திரும்ப எழுதுகிறாள். வாத்தியார் ஐயா, எழுதியதும் படம் எடுத்து இங்கே போடுகிறேன், அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு தடவை எழுத்துப்பிழை பார்த்துத் தாருங்கள்.